“1,250” எப்படி 1 ஆனது? எழுத்தை எண்ணாக்கும் ஃபங்ஷனைச் சோதித்துப் பார்ப்பது

கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் மாதம். மாமாவின் மண்டிக்கு நான் எழுதிக் கொடுத்த பில் போடும் புரோகிராம் அன்றுதான் முதல்முதலாக ஓடியது. பெங்களூரா ரகம், 1,250 கிலோ, கிலோ 18 ரூபாய். 22,500 வந்திருக்க வேண்டும். பில்லில் வந்தது 18 ரூபாய். காவேரிப்பட்டணம் பக்கமிருந்து லோடு கொண்டுவந்தவர் காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, “டிராக்டர் வாடகைக்காவது வருமா தம்பி?” என்று கேட்டார். மண்டியே சிரித்தது.

கூட்டலும் பெருக்கலும் சரியாகத்தான் இருந்தன. கோளாறு அதற்கு முந்தைய ஒரு வரியில். தட்டச்சு செய்த எழுத்துகளை எண்ணாக மாற்றும் வரி அது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பார்ஸ்இன்ட் என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தேன். அது “1,250” என்பதை இடமிருந்து படித்தது, காற்புள்ளியைப் பார்த்ததும் நின்றது, அதுவரை படித்த 1-ஐத் திருப்பிக் கொடுத்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அந்த ஃபங்ஷன் அப்படித்தான் நடக்கும் என்று அதன் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது நான்.

புரோகிராமிங் மொழிகளோடு கூடவே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இப்படி ஒரு ஃபங்ஷன் அநேகமாக எல்லா மொழியிலும் உண்டு. (தமிழ்வழி பிளஸ் டூ புத்தகத்தில் செயற்கூறு என்று படித்திருப்பீர்கள். கொடுத்ததை வாங்கி, ஒரு வேலையைச் செய்து, விடையைத் தரும் நிரல் துண்டு. இங்கே பேச்சு வழக்கிலேயே ஃபங்ஷன் என்கிறேன்.) பார்க்க மிகச் சின்ன வேலை. ஆனால் அதை ஒழுங்காகச் சோதிக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

கிருஷ்ணகிரியின் எஸ்டிடி குறியீட்டிலிருந்து முன்னால் இருக்கும் சைபரை எடுத்துவிட்டு 4343 என்று கீபோர்டில் அடியுங்கள். கணினிக்குப் போவது நாலாயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று என்ற எண் இல்லை. 4, 3, 4, 3 என்ற நான்கு எழுத்துகள்தான் போகின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் அடையாளம் உண்டு. ஆஸ்கி முறையில் 0 என்ற எழுத்துக்கு 48, 1-க்கு 49, இப்படியே போய் 9-க்கு 57. ஆகவே எழுத்தின் அடையாளத்திலிருந்து 48-ஐக் கழித்தால் அதன் மதிப்பு கிடைத்துவிடும். எழுத்துகளின் இப்படிப்பட்ட வரிசைக்குத்தான் சரம், ஸ்ட்ரிங் என்றெல்லாம் பெயர்.

மாற்றும் முறை எளிது. கையில் 0 வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி, புது இலக்கத்தைக் கூட்டுங்கள். 4. பிறகு 43. பிறகு 434. கடைசியில் 4343. அவ்வளவுதான். சி மொழி கற்ற யாரும் பத்து வரியில் எழுதிவிடுவார்கள்.

அந்தப் பத்து வரியை “42” கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள், 42 வரும், “சரி, வேலை செய்கிறது” என்று எழுந்துவிடுவார்கள். நானும் அப்படி எழுந்து போனவன்தான். சோதனை தொடங்கவே இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

டெஸ்ட் என்றால் என்ன?

ஒரு டெஸ்ட்டில் இரண்டு பகுதி இருக்கும்: கொடுப்பது, எதிர்பார்ப்பது. “42” கொடுத்தால் 42 வர வேண்டும். வந்தால் தேறியது, வராவிட்டால் தோற்றது. இப்படிப்பட்ட ஜோடிகளை ஒரு பட்டியலாக எழுதி, ஒரே சுற்றில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பார்கள். கோ மொழியின் மூல நிரலில் இதற்கென்றே ஒரு டெஸ்ட் கோப்பு இருக்கிறது. திறந்து பார்த்தால் மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி வரிசையாக இருக்கும். வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் ‘இது எண் வடிவமே இல்லை’ என்ற பிழை, “0” கொடுத்தால் 0, அடங்கக்கூடிய மிகப் பெரிய எண்ணான 18446744073709551615 கொடுத்தால் அதே எண், அதற்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் எல்லை தாண்டிய பிழை. பைத்தானுக்கும், சி மொழிக்கான ஜிலிப்சி லைப்ரரிக்கும் இதேபோலத் தனித்தனிக் கோப்புகள் உண்டு.

இதில் கடினமானது எதிர்பார்ப்பை எழுதுவது. “42”-க்கு விடை எல்லோருக்கும் தெரியும். “ 42” என்று முன்னால் ஓர் இடைவெளி இருந்தால்? இதற்கு உலகப் பொதுவான விடை கிடையாது. சி மொழி முன்னால் இருக்கும் இடைவெளிகளைத் தாண்டிவிட்டு 42 என்று சொல்லும். பைத்தானின் இன்ட் என்ற ஃபங்ஷன் இரு பக்கத்து இடைவெளிகளையும் உதறிவிட்டு 42 என்று சொல்லும். ஜாவா, கோ, ரஸ்ட் மூன்றும் ஏற்காது, பிழை என்று சொல்லிவிடும். யாரும் தப்பில்லை. ஒவ்வொரு மொழியும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அந்த மொழி தன் முடிவிலிருந்து பிறழாமல் நடக்கிறதா என்பதைத்தான் டெஸ்ட் பார்க்கிறது.

அதனால் டெஸ்ட் எழுதுகிறவர் முதலில் விதிப் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். ஓட்டிப் பார்த்து வந்த விடையை அப்படியே எதிர்பார்ப்பாக எழுதிவைப்பது சோதனை ஆகாது. பையன் எழுதிய பரீட்சைத் தாளையே விடைக் குறிப்பாக வைத்துத் திருத்துவது போன்றது அது.

சைபர் என்ற வில்லங்கம்

சி மொழியில் ஏடுஐ என்று ஒரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது. “0” கொடுத்தால் 0 தரும். “மாங்காய்” என்று கொடுத்தாலும் 0 தரும். இரண்டுக்கும் ஒரே விடை. கிருஷ்ணகிரி அணையின் பதிவேட்டில் ‘நீர்வரத்து 0’ என்று எழுதியிருந்தால், தண்ணீர் வரவில்லை என்று பொருளா, அன்று யாரும் அளவு எடுக்கவில்லை என்று பொருளா? எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால்தான் உண்டு. ஏடுஐ கொடுத்த சைபரும் இதே ரகம். கேட்பதற்கு ஆள் மட்டும் இல்லை.

இதற்கு மாற்றாகத்தான் ஸ்ட்ர்டோல் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொல்வார்கள். ஸ்ட்ரிங் டு லாங் என்பதன் சுருக்கம். அது எண்ணைத் தருவதோடு, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியது என்றும் சொல்லும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது என்றால் எண்ணே இல்லை என்று பொருள். கடைசி வரை போய்விட்டது என்றால் முழுக்க எண். நடுவில் நின்றது என்றால் “1,250” வகை. ஆகவே இதைச் சோதிக்கும்போது விடை எண் சரியா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். நின்ற இடம் சரியா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. எண் மிகப் பெரிதாக இருந்தால் ஸ்ட்ர்டோல் எர்நோ என்ற பொதுக் குறிப்பில் ‘எல்லை தாண்டிவிட்டது’ என்று எழுதிவைக்கும். ஆனால் எண் சரியாக இருந்தால் அந்தக் குறிப்பை அது அழிக்காது. முந்தைய டெஸ்ட் எழுதிவைத்த பிழை அங்கேயே கிடக்கும், அடுத்த டெஸ்ட் அதைப் பார்த்துவிட்டுத் தோற்றதாகச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் முந்தைய பீரியட் ஆசிரியர் கரும்பலகையை அழிக்காமல் போன கதைதான். ஒவ்வொரு தடவை கூப்பிடுவதற்கு முன்னும் எர்நோவை நாமே 0 ஆக்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து புதிதாக டெஸ்ட் எழுதுபவர்கள் அதிகம் இடறும் இடம் இது.

பின்னால் வந்த மொழிகள் இதை இன்னும் தெளிவாகச் செய்தன. ரஸ்ட்டில் வெற்று ஸ்ட்ரிங்குக்கு ஒரு பிழை, கண்ட எழுத்துக்கு ஒரு பிழை, மேல் எல்லை தாண்டினால் ஒன்று, கீழ் எல்லை தாண்டினால் ஒன்று. அங்கே டெஸ்ட் எழுதும்போது ‘பிழை வந்தது’ என்று பார்த்தால் போதாது, வர வேண்டிய பிழைதான் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

செல்போன் எண் ஏன் பெட்டிக்குள் அடங்காது?

நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் பகுதி இதுதான். கணினி ஒரு முழு எண்ணை வைக்கும் பெட்டியில் 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள், இருந்தால் அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பெரிய எண்தான். ஆனால் இந்தியாவில் எந்த செல்போன் எண்ணும் இதற்குள் அடங்காது. பத்து இலக்கம், தொடக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று. மிகச் சிறியதே 600 கோடி ஆகிவிடுகிறது.

அடங்காத எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய வண்டியின் மீட்டர் 99999 தாண்டி 00000-க்கு வருவது போல, எண் சுற்றிக்கொண்டு வேறு மதிப்பாகிவிடலாம். சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். குறியுள்ள (மைனஸும் ஏற்கும்) முழு எண் இப்படி வழிந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அந்த மொழியின் விதி எதுவும் சொல்வதில்லை. எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

வழிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஆரம்பத்தில் எல்லோருக்கும் இரண்டு யோசனை தோன்றும். ஒன்று, பெருக்கிக் கூட்டிய பிறகு எண் மைனஸ் ஆகிவிட்டதா என்று பார்ப்பது. இரண்டு, பெருக்கிய பிறகு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதா என்று பார்ப்பது. இரண்டும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. இப்போது 6000000000 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கம் படித்து முடிக்கும்போது கையில் 600000000 இருக்கும். கடைசி சைபருக்காகப் பத்தால் பெருக்கினால் 600 கோடி. 32 பிட்டில் அது சுற்றிக்கொண்டு 1705032704 ஆகும். மைனஸ் இல்லை. முன்பிருந்த 60 கோடியைவிடக் குறையவும் இல்லை, கூடியிருக்கிறது! இரண்டு காவலையும் தாண்டி, தப்பான எண் நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்துவிட்டது.

இன்னொன்று, 4294967338. இது 32 பிட்டில் சுற்றினால் சரியாக 42 ஆகும். பட்டியலில் இதைச் சேர்த்துவைத்தால், டெஸ்ட் தோற்கும்போது திரையில் 42 என்று வரும், பார்த்ததுமே சங்கதி புரிந்துவிடும்.

சரியான வழி, பெருக்குவதற்கு முன்னாலேயே பார்ப்பது. கையில் இருப்பது 214748364-ஐவிடப் பெரிதா? பெரிது என்றால் இனி ஓர் இலக்கம்கூட இடம் கொள்ளாது. சமம் என்றால் வரப்போகும் இலக்கம் 7-க்கு மேல் இருக்கக்கூடாது. அந்த 7 ஒரே ஓர் எழுத்து. அவசரத்தில் 8 என்று எழுதிவிட்டால் கோடிக்கணக்கான எண்களுக்கு விடை சரியாகவே வரும், 2147483648 என்ற ஒரே எண்ணுக்கு மட்டும் தப்பாக வரும். அதனால்தான் எல்லையின் இருபுறமும் காலை வைத்துப் பார்க்க வேண்டும். மேலே 2147483646, 2147483647, 2147483648. கீழே -2147483647, -2147483648, -2147483649.

கீழ் எல்லையான -2147483648, மைனஸை விட்டுப் பார்த்தால், மேல் எல்லையைவிட ஒன்று அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? கணினி மைனஸ் எண்களை எழுதும் முறையால் வந்த வேறுபாடு அது. இதிலும் ஒரு குழி இருக்கிறது. “-2147483648”-ஐப் படிக்கும்போது முதலில் மைனஸை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணை முழுதாகச் சேர்த்து, கடைசியில் மைனஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், நடுவில் 2147483648 என்ற எண் வேண்டும். அது பெட்டிக்குள் அடங்காது. ஜாவாவின் பார்ஸ்இன்ட் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. எல்லா எண்ணையும் மைனஸ் பக்கத்திலேயே சேர்த்துக்கொண்டு போய், தேவைப்பட்டால் கடைசியில் ப்ளஸ் ஆக்குகிறது. அதிக இடம் இருக்கும் பக்கத்தில் வேலையைச் செய்வது. நம் ஊரில் நெல்லைப் பெரிய களத்தில் கொட்டி அடித்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவருவது மாதிரி.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ர்டோல் தரும் விடை லாங் என்ற முழு எண் வகை. 64 பிட் லினக்ஸில் சி மொழியின் லாங் 64 பிட், விண்டோஸில் 32 பிட். உங்கள் மடிக்கணினியில் தேறிய அதே ஸ்ட்ர்டோல் டெஸ்ட் நண்பனின் மடிக்கணினியில் தோற்கலாம். எல்லைகளை எண்ணாக எழுதாமல், அந்த மொழி தரும் எல்லை மாறிலிகளிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

பைத்தானுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஆனால் அங்கே வேறு எல்லை. பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையிலான நம் வழக்கமான முறையில், எழுதிய மிக நீளமான ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்ற நேரம் அதிகம் பிடிக்கும். மேலே சொன்ன எளிய முறையில் நீளம் இரு மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வேண்டுமென்றே லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும். அதனால் 2022-இல் ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவந்தார்கள். வழக்கமான அமைப்பில் 4300 இலக்கம் வரை ஏற்கும், 4301 என்றால் பிழை. அதற்கும் எல்லையின் இருபுற டெஸ்ட் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தர்மபுரிக்கு 2274

தர்மபுரியின் எஸ்டிடி குறியீடு 04342. கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344. இந்த மூன்றையும் ஸ்ட்ர்டோலுக்குக் கொடுத்து, அடிமானம் (எத்தனை இலக்கங்களை வைத்து எண்ணுகிறோம் என்பது, நம் வழக்கத்தில் பத்து) எது என்று நீயே பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள். அதாவது அடிமானம் கேட்கும் இடத்தில் 0 கொடுங்கள். விடை 2274, 2275, 2276.

என்ன நடந்தது என்றால், முன்னால் சைபர் இருந்தால் அதை எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்வது சி மொழியின் பழைய வழக்கம். 4 முறை 512, 3 முறை 64, 4 முறை 8, கூட ஒரு 2. கூட்டிப் பாருங்கள், 2274. நாமக்கல்லின் 04286-ஐக் கொடுத்தால் கதை இன்னும் விநோதம். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. ஆகவே 042 வரை படித்து, 34 என்று விடை சொல்லிவிட்டு 8-இல் நின்றுவிடும். கோ மொழியிடம் இதே வேலையைக் கொடுத்தால் தர்மபுரிக்கு 2274 என்றும் நாமக்கல்லுக்குப் பிழை என்றும் சொல்லும். பைத்தான் அடிமானம் 0 என்றால் இரண்டையும் ஏற்காது, குழப்பமாக இருக்கிறது, தெளிவாகச் சொல் என்று திருப்பி அனுப்பிவிடும். எனக்குப் பைத்தானின் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு காலத்தில் சில பிரவுசர்கள் “08” என்பதை 0 என்று படித்தன. தேதிப் பெட்டியில் ஆகஸ்ட் மாதமும் செப்டம்பர் மாதமும் மட்டும் காணாமல் போகும். 2009-இல் வந்த, அந்த மொழியின் விதிப் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் விதியைத் திருத்தி, முன்னால் சைபர் இருந்தாலும் பத்தடிமானம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

பதினாறடிமானத்துக்கு முன்னொட்டு, சைபரும் எக்ஸும். அங்கே ஒரு நல்ல டெஸ்ட் இருக்கிறது. சைபர், எக்ஸ், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. முன்னொட்டைப் பார்த்துவிட்டு எண் வரும் என்று தாவியவர்கள் இங்கே விழுவார்கள். விதிப்படி ஸ்ட்ர்டோல் 0 என்று சொல்லி, எக்ஸில் நின்றிருக்க வேண்டும்.

எஸ்டிடி குறியீட்டையோ செல் எண்ணையோ முழு எண்ணாக மாற்றவே கூடாது என்பது தனிக் கதை. யாரும் அவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அவை எழுத்துகளாகவே இருக்கட்டும்.

௨-வும் உ-வும்

இது நம் மொழிக்காரர்கள் மட்டும் ரசிக்கக்கூடிய பகுதி. பைத்தானிடம் “௧௨௩” என்று தமிழ் எண்களில் கொடுத்தால் 123 என்று சொல்லும். ஜாவாவும் ஏற்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் அடையாளம் தரும் யூனிகோடில் ‘பத்தடிமான இலக்கம்’ என்று குறிக்கப்பட்ட எல்லா மொழி இலக்கங்களையும் பைத்தான் ஏற்கிறது, ஜாவா அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறது. பாதி தமிழ், பாதி வழக்கமான எண் என்று “௧2” கொடுத்தாலும் பைத்தான் 12 என்றுதான் சொல்லும். கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை ஏற்பதில்லை.

ஆனால் நம் முன்னோர் எழுதிய முறையில் கொடுத்தால் பைத்தானும் கைவிரித்துவிடும். அவர்கள் 4343-ஐ ௪௲௩௱௪௰௩ என்று எழுதுவார்கள். நாலு ஆயிரம், மூன்று நூறு, நாலு பத்து, மூன்று. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி இருந்ததால் இடத்தை நிரப்ப சைபர் தேவைப்படவில்லை. தமிழ் சைபர் யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல், 4.1-ஆம் பதிப்பில்தான். ௰, ௱, ௲ மூன்றும் எண்கள்தான் என்றாலும் பத்தடிமான இலக்கங்கள் இல்லை. ஆகவே பட்டியலில் இரண்டு வரி சேர்க்கலாம். “௧௨” கொடுத்தால் 12, “௰௨” கொடுத்தால் பிழை.

மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. தமிழ் இரண்டும் உகரமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ௨ என்பது எண், உ என்பது எழுத்து. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ௧-வும் க-வும், ௭-வும் எ-யும், ௮-வும் அ-வும் இப்படித்தான். மாமாவின் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பிள்ளையார் சுழி இருக்கும். அதை ஒருவர் கணினியிலும் முதல் கட்டத்தில் அடித்துவிட்டார் என்று வையுங்கள். ‘உ’ என்றால் பிழை வர வேண்டும். அவர் எண் விசையால் ௨ என்று அடித்திருந்தால் பைத்தான் அதை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொள்ளும். பிள்ளையாருக்கும் சேர்த்து பில் போட்டுவிடும்.

வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் இதே குடும்பம். உடையாத இடைவெளி என்று ஒன்று உண்டு, அதைப் பைத்தான் இடைவெளி என்று கருதி உதறிவிடும். அகலமே இல்லாத இடைவெளி என்று இன்னொன்று, அதை இடைவெளியாகக் கருதாமல் பிழை சொல்லும். திரையில் இரண்டுமே ஒழுங்கான எண் போலத்தான் தெரியும்.

போய்த் திரும்புவது

எண்ணை ஸ்ட்ரிங் ஆக்கி, அந்த ஸ்ட்ரிங்கை மறுபடி எண்ணாக்கினால் பழைய எண்ணே வர வேண்டும். விடையை நாம் கையால் எழுத வேண்டியதில்லை என்பது இதன் வசதி. 16 பிட் எண்கள் மொத்தமே 65,536. எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். 32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதைக்கூட, ஓட விட்டுவிட்டு டீ குடித்து வரலாம், சாத்தியம்தான். அடிமானம் 2 முதல் 36 வரை மாற்றி மாற்றியும் ஓட்டலாம்.

ஆனால் இதை மட்டுமே நம்பக்கூடாது. ஒரு ஃபங்ஷன் இலக்கங்களைத் தலைகீழாக எழுதுகிறது, மற்றது தலைகீழாகப் படிக்கிறது என்று வையுங்கள். 123 “321” ஆகப் போய் 123 ஆகத் திரும்பும். டெஸ்ட் தேறிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னால் சாட்சி பொருந்தத்தானே செய்யும். அப்புறம், ஏற்கக்கூடாத ஸ்ட்ரிங்குகள் எதுவும் இந்த வழியில் வரவே வராது. அவற்றைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். வெற்று ஸ்ட்ரிங், தனி “-”, தனி “+”, “--5”, “5-”, “1 2”.

அந்த ப்ளஸ் குறிக்குக்கூட ஒரு வரலாறு இருக்கிறது. ஜாவாவில் “+5” ஏழாம் பதிப்பிலிருந்துதான் செல்லும், அதற்கு முன் பிழை. மைனஸ் குறியோ சி மொழியில் வேறு மாதிரி விளையாடும். குறியில்லா எண்ணுக்கான ஸ்ட்ர்டூல் என்ற ஃபங்ஷனுக்கு “-1” கொடுத்தால் பிழை சொல்லாது, இருப்பதிலேயே மிகப் பெரிய எண்ணைத் தரும். விதியே அப்படித்தான். மண்டியில் கிரேட் (மாங்காய்ப் பெட்டி) எண்ணிக்கை கேட்கும் இடத்தில் ஒருவர் -1 அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டியல் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. ஃபங்ஷனில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். அந்த 7-ஐ 8 ஆக்குங்கள், மைனஸ் பார்க்கும் வரியை எடுத்துவிடுங்கள், பத்துக்குப் பதில் ஒன்பதால் பெருக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு டெஸ்ட்டாவது தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது.

மண்டியில் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். காற்புள்ளிப் பிழையை அன்றே சரிசெய்துவிட்டேன். 18 ரூபாய் பில் எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. காலி கிரேட்டின் எடை 1.5 கிலோ என்று ஒரு கட்டத்தில் அடிப்பார்கள், மொத்த எடையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். பார்ஸ்இன்ட் புள்ளியைப் பார்த்ததும் நின்று, 1 என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கிரேட்டுக்கு அரை கிலோ. நூறு கிரேட்டுக்கு ஐம்பது கிலோ மாங்காய்க்கு மாமா சும்மா பணம் கொடுத்திருக்கிறார். சீசன் முடிந்து, மாங்கூழ் தொழிற்சாலைக்கு அனுப்பிய எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விவசாயிகள் யாரும் குறை சொல்லவில்லை, ஏன் சொல்லப்போகிறார்கள்.

இப்போது மண்டி புரோகிராமுக்கு என்று நானே ஒரு மாற்றும் ஃபங்ஷன் எழுதி, நாற்பத்துச் சொச்சம் வரியில் டெஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறேன். “1,250” கொடுத்தால் 1250. “1,25” கொடுத்தால் பிழை. “1.5” முழு எண் கேட்கும் இடத்தில் பிழை. வெற்றுக் கட்டம் பிழை, ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் என்ற ஃபங்ஷன் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் அதற்கென்றே தனி வரி.

ஒரே ஒரு வரிக்கு மட்டும் எதிர்பார்ப்பை இன்னும் எழுதவில்லை. கணக்குப்பிள்ளை தொகைக் கட்டத்தில் “500/-” என்று அடிக்கிறார். முப்பது வருடமாக நோட்டில் அப்படித்தான் எழுதிவருகிறார். பிழை என்று திருப்பிவிடலாம் என்கிறேன் நான். “அவர் தப்பாவா எழுதிட்டார்? பின்னால எவனும் ஒரு சைபர் சேர்த்துடக்கூடாதுன்னுதானே அந்தக் கோடு போடறது” என்கிறார் மாமா.